பனிமலை நிழலில் ஒரு சிற்றூர் விடுதி

குமாவோன் மலைநாட்டின் வாயிலான காத்கோதாமில் இரயில் பாதை முடிவடைகிறது. அதற்கப்பால் செல்ல விரும்புவோர் பேருந்திலோ வாடகை ஜீப்பிலோ ஏற வேண்டும். அல்மோரா, பேரிநாக், தல் ஆகிய ஊர்களைக் கடந்து, பீர்த்தி அருவியைத் தாண்டி, காலாமுனி கணவாயில் ஏறி இறங்கினால் முன்சியாரி தென்படும். காலையில் புறப்பட்டவர் அங்குச் சேரும்போது பொழுது சாய்ந்திருக்கும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள இவ்வூருக்கு எதிரே, கோரி கங்கைப் பள்ளத்தாக்கிற்கு அப்பால், பஞ்சசூலி எனப்படும் ஐந்து பனிச் சிகரங்கள் நிற்கின்றன. அவற்றுள் மிக உயர்ந்தது 6,904 மீட்டர்.

களைத்து வந்து சேரும் பயணிக்கு முதலில் தேவைப்படுவது சிகரத்தின் காட்சியன்று; ஒரு குவளைத் தேநீர், ஒரு வாளி வெந்நீர், கனமான ஒரு ரஜாய் ஆகியனவே. இவற்றை அளிப்பது பெரும்பாலும் இரண்டு மூன்று அறைகளே கொண்ட ஒரு சிறு விடுதி. பல இடங்களில் அது ஒரு குடும்பத்தின் வீடேயாகும். உத்தரகண்ட், இமாசலப் பிரதேசம், சிக்கிம், லடாக் முதலிய மலைப் பகுதிகளில் இத்தகைய விடுதிகள் அண்மை ஆண்டுகளில் பெருகியுள்ளன. ஊரைவிட்டு வெளியேறும் இளைஞரை ஊரிலேயே நிறுத்தும் ஆற்றல் இவற்றுக்கு உண்டா? மலையின் நீரையும் காட்டையும் அழிக்காமல் இத்தொழில் நடைபெற இயலுமா? இவ்வினாக்களை ஆராய்வதற்கு முன் இவ்விடுதிகளின் வரலாற்றையும் அன்றாட வாழ்வையும் அறிந்துகொள்வது பயனுடையதாகும்.

சட்டியிலிருந்து விடுதிக்கு

மலையில் வழிப்போக்கருக்கு இடமளிப்பது புதிய வழக்கமன்று. பத்ரிநாத்துக்கும் கேதார்நாத்துக்கும் மக்கள் கால்நடையாகச் சென்ற காலத்தில், வழியெங்கும் சில மைல்களுக்கு ஒன்றாகச் ‘சட்டி’ எனப்படும் தங்குமிடங்கள் இருந்தன. சட்டிக்காரர் தங்குவதற்குப் பணம் பெறுவதில்லை. அரிசி, மாவு, பருப்பு, விறகு ஆகியவற்றைத் தம்மிடம் வாங்குவோருக்குக் கூரையையும் சமையல் பாத்திரங்களையும் இலவசமாக அளித்தார். இன்றைய சிறு விடுதிக்கு முன்னோடி இந்தச் சட்டியே எனலாம். இவற்றோடு தரும சத்திரங்களும் ஆங்கிலேயர் காலத்து ‘டாக்’ பங்களாக்களும் வன இலாகாவின் ஓய்வு விடுதிகளும் இருந்தன. மோட்டார்ச் சாலை வந்த பின், பல நாள் நடைப்பயணம் சில மணி நேரப் பயணமாகச் சுருங்கியது. வழியிலிருந்த சட்டிகள் பல வழக்கொழிந்தன. பேருந்து நிற்கும் ஊர்களில் மட்டும் ஓட்டல்கள் எழுந்தன.

முன்சியாரியின் கதை சற்று வேறானது. இங்கு வாழும் ஜோகார் பள்ளத்தாக்கின் சௌகா மக்கள், பல தலைமுறைகளாகத் திபெத்துடன் வாணிகம் செய்தவர்கள். தானியமும் துணியும் கணவாய்கள் வழியே வடக்கே சென்றன. உப்பும் கம்பளி மயிரும் வெண்காரமும் தெற்கே வந்தன. அடிகளை எண்ணி நடந்தே திபெத்தை அளந்த நைன் சிங் ராவத் இப்பள்ளத்தாக்கின் மிலம் கிராமத்தைச் சேர்ந்தவரே. 1962ஆம் ஆண்டின் இந்திய–சீனப் போருடன் எல்லை அடைபட்டு, இவ்வாணிகம் முடிவுற்றது. மேட்டுக் கிராமங்கள் ஒவ்வொன்றாக வெறுமையாயின. வாணிகம் ஈட்டித் தந்ததற்கு மாற்றாக வேளாண்மை, ஆடு வளர்ப்பு, கம்பளி நெசவு, அரசுப் பணி ஆகியன எஞ்சின. ஒரு சமூகத்தின் தொழில் ஒரே ஆண்டில் நின்றுபோனால் அதை ஈடு செய்ய எத்தனை காலம் ஆகும் என்பதற்கு இப்பள்ளத்தாக்கு ஒரு சான்றாகும்.

பூட்டிய கதவுகள்

2000ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் தனி மாநிலம் உருவான பின்னரும் மலைக் கிராமங்களிலிருந்து வெளியேறுவோர் தொகை குறையவில்லை. 2001க்கும் 2011க்கும் இடைப்பட்ட காலத்தில் மாநிலத்தின் மக்கள்தொகை உயர்ந்தபோதிலும், அல்மோரா, பௌரி கட்வால் ஆகிய இரு மலை மாவட்டங்களின் மக்கள்தொகை குறைந்தது. இந்நிலையை ஆராய 2017இல் மாநில அரசு ஓர் ஆணையத்தை அமைத்தது. 2011க்குப் பின் 734 குடியிருப்புகள் முற்றிலும் ஆளற்றுப் போயின என்று அவ்வாணையத்தின் 2018ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. வெளியேறியோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் வேலை தேடியே சென்றனர். கல்வியும் மருத்துவமும் அடுத்த காரணங்கள்.

வெளியேறும் இளைஞர்களுள் கணிசமானோர் டில்லியிலும் பிற நகரங்களிலும் ஓட்டல் பணியாளராகவும் சமையற்காரராகவும் பணியாற்றுகின்றனர். பிறர் ஊரில் விருந்தோம்பலையே தொழிலாகக் கொண்டவர், அதே தொழிலைத் தம் ஊரில் செய்ய இயலாதா என்பதே சிறு விடுதித் திட்டங்களின் அடிப்படைக் கேள்வி. 2008இல் இமாசலப் பிரதேசம் இல்லத் தங்கல் திட்டத்தைத் தொடங்கியது. உத்தரகண்ட் அரசு 2002இல் வீர் சந்திர சிங் கட்வாலி பெயரில் சுற்றுலாச் சுயதொழில் திட்டத்தையும், 2018இல் தீனதயாள் உபாத்யாய பெயரில் இல்லத் தங்கல் திட்டத்தையும் கொணர்ந்தது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டம் ஒன்று முதல் ஆறு அறைகள் வரை உள்ள வீடுகளை ஏற்கிறது. உரிமையாளர் குடும்பத்துடன் அவ்வீட்டிலேயே வசிக்க வேண்டும் என்பதே இத்தகைய திட்டங்களின் முக்கிய நிபந்தனையாகும். இந்நிபந்தனையே ஓட்டலையும் இல்லத்தையும் பிரிக்கும் கோடு.

விடுதியில் ஒரு நாள்

இத்தகைய வீட்டில் பொழுது விடியுமுன்பே வேலை தொடங்கிவிடுகிறது. இல்லத்தரசி முதலில் தொழுவத்திற்குச் செல்கிறார். பால் கறந்த பின்னரே தேநீருக்கு அடுப்பு மூட்டப்படும். விருந்தினர் சிகரங்களின் மீது விழும் முதல் ஒளியைக் காண்பதற்காக முற்றத்தில் போர்வையுடன் காத்திருப்பார்கள். ஒன்பது மணிக்குப் பின் பல நாட்களில் முகில் ஏறி மலையை மறைத்துவிடும். ஆகவே, அவர்களை உரிய நேரத்தில் எழுப்புவதும் விடுதிக்காரரின் கடமைகளுள் ஒன்று.

காலை உணவுக்குப் பின் வீட்டு ஆடவரோ இளைஞரோ வழிகாட்டியாகப் புறப்படுகிறார். முன்சியாரிக்கு மேலுள்ள காலியா புல்வெளி ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு ஏறிச் சென்று திரும்ப ஒரு முழுநாள் வேண்டும். வீட்டில் எஞ்சியோருக்கு அறைகளைத் துப்புரவு செய்தல், ரஜாய்களை வெயிலில் உலர்த்துதல், கால்நடைக்குப் புல் அறுத்தல், வயல்வேலை, மாலைச் சமையலுக்கு ஆயத்தம் ஆகியன காத்திருக்கும். தங்குவோரின் அடையாளச் சான்றைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். அயல்நாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்திற்குள் உரிய அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். மின்சாரம் தடைப்படும் நாட்களில் இதுவும் எளிதன்று.

இரவு உணவில் மலையின் விளைபொருள்களே முதன்மையானவை. மடுவா எனப்படும் கேழ்வரகு மாவில் சுட்ட ரொட்டி, ‘பட்’ எனப்படும் கருஞ்சோயாப் பருப்பு, ‘கஹத்’ எனப்படும் கொள்ளில் செய்த குழம்பு, உருளைக்கிழங்குப் பொரியல், மலை வெள்ளரிக்காய்ப் பச்சடி, முன்சியாரியின் புகழ்பெற்ற ராஜ்மா ஆகியன பரிமாறப்படும். ஒரு காலத்தில் ஏழைகளின் உணவென்று ஒதுக்கப்பட்ட கேழ்வரகையும் கொள்ளையும் இன்று நகரத்து விருந்தினர் கேட்டு உண்கின்றனர். முன்சியாரி ராஜ்மாவும் உத்தரகண்டின் கேழ்வரகும் கொள்ளும் புவிசார் குறியீடு பெற்றுள்ளன. விளைவித்தவரின் தட்டிலேயே விலை கிடைக்கும்போது, கைவிடப்பட்ட படிக்கட்டு வயலில் மீண்டும் ஏர் பூட்டுவதற்கு ஒரு காரணம் பிறக்கிறது.

வரவும் செலவும்

விருந்தினர் தரும் பணம் எங்கே செல்கிறது என்பது கவனிக்கத்தக்கது. பெரிய ஓட்டலில் அரிசி முதல் முட்டை வரை சமவெளிச் சந்தையிலிருந்து லாரியில் வருகிறது. மேலாளர், சமையற்காரர் ஆகியோரும் வெளியூரினர். ஆதாயமும் மலையிலிருந்து இறங்கிவிடுகிறது. சிறு விடுதியிலோ பாலும் கீரையும் கிழங்கும் பருப்பும் வீட்டினுடையவை அல்லது அண்டை வீட்டாருடையவை. ஜீப் ஓட்டுநர், வழிகாட்டி, கம்பளி நெய்பவர் ஆகியோரிடமும் அப்பணம் ஒரு சுற்றுச் சுற்றிய பின்னரே ஊரைவிட்டு வெளியேறுகிறது.

ஆயினும் இதனை எளிய வருவாய் என்று எண்ணுதல் தவறு. ஏப்ரல் முதல் ஜூன் நடுப்பகுதி வரையிலும், பின்னர் அக்டோபர், நவம்பர் மாதங்களிலுமே பயணிகள் மிகுதியாக வருகின்றனர். சூலை, ஆகஸ்டில் மழையும் நிலச்சரிவும் சாலையை அடைத்துவிடும். குளிர்காலத்தில் பனி மூடும். பருவ நாட்களை ஏறத்தாழ 130 எனக் கொள்வோம். மூன்று அறைகளும் சராசரியாகப் பாதி அளவே நிரம்பினால், ஆண்டுக்குக் கிடைப்பது 195 அறை-இரவுகள். ஆண்டு முழுவதும் மூன்று அறைகளும் நிரம்பினால் கிடைக்கக்கூடிய 1,095 இரவுகளில் இது ஐந்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. வங்கித் தவணையோ பன்னிரண்டு மாதமும் தவறாது வரும். ஆகவே, வயலையும் கால்நடையையும் விட்டுவிட்டு, கடன் வாங்கிப் பத்து அறைகள் கட்டிய குடும்பம் இடருக்குள்ளாகிறது. இருந்த வீட்டில் இரண்டு அறைகளைச் செப்பனிட்ட குடும்பம் ஒரு மோசமான பருவத்தையும் தாங்கிக்கொள்கிறது. 2020இல் கொரோனாத் தொற்றினால் போக்குவரத்து நின்றபோது இவ்வுண்மை கண்கூடாயிற்று. விடுதி துணைத் தொழிலாக இருந்த வீடுகளில் உணவுக்கு வழி இருந்தது. அதனை மட்டுமே நம்பியவர்கள் பெரும் அல்லலுற்றனர்.

சர்மோலி காட்டிய வழி

முன்சியாரியை ஒட்டியுள்ள சர்மோலி கிராமம் இத்தொழிலை வேறொரு கோணத்திலிருந்து அணுகியது. குமாவோனில் மக்களின் போராட்டத்திற்குப் பின் 1931இல் விதிமுறை பெற்ற வனப் பஞ்சாயத்துக்கள் இன்று மாநிலத்தில் 11,000க்கும் மேற்பட்டு உள்ளன. ஊர் மக்களே தேர்ந்தெடுத்த குழு, ஊரின் காட்டை மேற்பார்வை செய்யும் ஏற்பாடு இது. 2000களின் தொடக்கத்தில் சர்மோலி வனப் பஞ்சாயத்தின் தலைவராக இருந்த மல்லிகா விர்தியின் முன்முயற்சியால், ஊர்ப் பெண்கள் தம் வீடுகளில் விருந்தினரை ஏற்கத் தொடங்கினர். காட்டைக் காப்பதால் வரும் பயன் வீட்டிற்கும் வந்து சேர வேண்டும், வீட்டிற்கு வரும் பயனில் ஒரு பகுதி காட்டிற்கும் திரும்ப வேண்டும் என்பதே இதன் உட்கருத்து. மேசர் குண்டம் என்னும் வனக்குளத்தைப் புதுப்பித்தமையும் இம்முயற்சியின் தொடர்ச்சியே. 2023இல் மத்திய சுற்றுலா அமைச்சகம் சிறந்த சுற்றுலாக் கிராமமாகச் சர்மோலியைத் தேர்ந்து பாராட்டியது.

லடாக்கின் ஹெமிஸ் தேசியப் பூங்காவை ஒட்டிய கிராமங்களிலும் இதற்கு நிகரான அனுபவம் உண்டு. அங்குப் பனிச்சிறுத்தை பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கொல்வதும், மக்கள் சினந்து அதனைக் கொல்வதும் வழக்கமாயிருந்தன. 2000களின் தொடக்கத்தில் பனிச்சிறுத்தைப் பாதுகாப்பு அமைப்பொன்றின் துணையுடன் இல்லத் தங்கல் தொடங்கப்பட்டது. விருந்தினர் வரிசை முறையில் வீடுகளுக்கு அனுப்பப்படுகின்றனர். வருவாயில் ஒரு பகுதி ஊர்ப் பாதுகாப்பு நிதிக்குச் செல்கிறது. ஆட்டைக் கொல்லும் பகையாகத் தோன்றிய விலங்கு, விருந்தினரை அழைத்துவரும் துணையாக மாறியது. வரிசை முறை சிறியதோர் ஏற்பாடாகத் தோன்றினும், சாலையோரத்து வீடு மட்டும் செழித்து மேட்டு வீடு வாடும் நிலையை அது தவிர்க்கிறது.

நீரும் விறகும்

மலை விடுதிக்கு எல்லை வகுப்பது அறைகளின் எண்ணிக்கையன்று; நீரின் அளவே. இமயமலை ஊர்களில் பெரும்பாலானவை ஊற்றுக்களையே நம்பி வாழ்கின்றன. குமாவோனில் ‘நௌலா’ எனப்படும் கற்கட்டிட ஊற்றுக்கிணறுகள் பல நூற்றாண்டுப் பழமையுடையவை. நீதி ஆயோக் 2018இல் வெளியிட்ட அறிக்கை, இந்திய இமயமலைப் பகுதியின் ஊற்றுக்களில் ஏறத்தாழப் பாதி வற்றி வருவதாக எச்சரித்தது. பயணிகள் மிகுதியாக வரும் மே, ஜூன் மாதங்களே ஊற்று மிகவும் மெலியும் மாதங்களுமாகும். நகரத்துக் குளியலறையில் ஒருவர் தூவிக்குழாயின்கீழ் சில நிமிடங்கள் நின்றால் செலவாகும் நீர், இங்கு ஒரு பெண் பலமுறை குடம் சுமந்து கொணரும் நீராகும். ‘ஒருவருக்கு ஒரு வாளி வெந்நீர்’ என்னும் வழக்கம் விருந்தோம்பலின் குறைபாடன்று. மலை கற்பித்த சிக்கனம்.

அந்த வெந்நீருக்கு வேண்டிய விறகும் காட்டிலிருந்தே வருகிறது. பாஞ்ச் எனப்படும் கருவாலி மரக் காடுகளே மண்ணில் ஈரத்தை நிறுத்துபவை என்பதை மலைமக்கள் நன்கறிவர். விருந்தினருக்காக அக்காட்டை வெட்டினால் அவர்களுக்கே தண்ணீர் இராது. ஆகவே, சூரிய வெப்பத்தால் நீரைச் சூடாக்கும் கலன், சமையல் எரிவாயு, ஆறு மாதம் உலர்ந்த விறகை மட்டும் பயன்படுத்தும் ஒழுங்கு ஆகியன விடுதிக்கு அலங்காரமல்ல, அடிப்படைத் தேவைகள். சரிவில் மழைநீரைத் தேக்கும் குழிகளையும் ‘சால்–கால்’ எனப்படும் சிறு குளங்களையும் வெட்டினால், கீழேயுள்ள ஊற்று உயிர் பெறுகிறது. கழிவுநீர்த் தொட்டி ஊற்றுக்கு மேற்புறத்தில் அமையாதவாறு பார்த்துக்கொள்வதும், ஞெகிழிப் புட்டிகளைச் சரிவில் எறியாது திரும்ப அனுப்புவதும் ஒவ்வொரு வீட்டின் பொறுப்பாகும்.

எங்கே கட்டுவது?

மலையில் வீடு கட்டுமுன் முன்னோர் நீண்ட காலம் ஆற்றையும் சரிவையும் கவனித்தனர். ஊர்கள் பெரும்பாலும் உறுதியான மேட்டில் அமைந்தன. ஆற்றங்கரை வயலுக்கும் மேய்ச்சலுக்கும் விடப்பட்டது. கல்லையும் தேவதாரு மரத்தையும் அடுக்கடுக்காக இணைத்துக் கட்டப்பட்ட உத்தரகாசிப் பகுதியின் பழைய வீடுகள் பல நிலநடுக்கங்களைத் தாங்கி நிற்கின்றன. சாலை வந்த பின்னர், பயணியின் கண்ணில் படவேண்டும் என்பதற்காகக் கட்டடங்கள் ஆற்றங்கரைக்கே இறங்கின. 2013ஆம் ஆண்டு ஜூன் பெருவெள்ளத்தில் மந்தாகினிக் கரையின் விடுதிகள் அடித்துச் செல்லப்பட்டன. 2023 சனவரியில் சோசிமடத்தில் நிலம் தாழ்ந்து வீடுகள் பிளந்தபோது, ஒன்றன்மீதொன்று சாய்ந்த இரு விடுதிக் கட்டடங்களை இடித்தகற்ற நேர்ந்தது. 2025 ஆகஸ்ட் 5ஆம் நாள் உத்தரகாசி மாவட்டத்துத் தராலியில் பாய்ந்த திடீர் வெள்ளம், கங்கோத்ரிச் சாலையோரத்து விடுதிகளையும் வீடுகளையும் சேற்றில் புதைத்தது. இரண்டு மாடிக்கு மேல் எழுப்பாத, பழைய ஊரின் எல்லைக்குள் அமைந்த, குடும்பம் வாழும் வீட்டையே விடுதியாகக் கொள்ளும் முறை பொருளாதாரத்திற்கு மட்டுமன்றி உயிர்ப் பாதுகாப்பிற்கும் ஏற்றது என்பதை இந்நிகழ்ச்சிகள் உணர்த்துகின்றன.

பெண்களின் உழைப்பும் உரிமையும்

இத்தொழிலின் முதுகெலும்பு பெண்களே. சமையல், துப்புரவு, தொழுவம், வயல், காடு ஆகிய அனைத்தும் அவர்தம் கைகளில் உள்ளன. விருந்தினர் வருகையால் இவ்வேலை குறைவதில்லை; கூடுகிறது. கூடுதல் உழைப்பின் ஊதியம் அவர் கைக்கே வருகிறதா என்பதே முக்கியமான கேள்வி. நிலம் ஊரில் இல்லாத கணவரின் பெயரில் இருந்தால், ஊரில் இருந்து உழைக்கும் மனைவிக்கு வங்கிக் கடன் கிடைப்பதில்லை. இக்குறையை நீக்கும் நோக்கில், கணவரின் பரம்பரை நிலத்தில் மனைவியை இணை உரிமையாளராக்கும் சட்டத் திருத்தத்தை உத்தரகண்ட் அரசு 2021இல் கொணர்ந்தது. மலை மாவட்டங்களில் வேளாண் நிலங்களை வெளியார் வாங்குவதைக் கட்டுப்படுத்தும் திருத்தம் 2025இல் நிறைவேறியது. நிலம் கைமாறிவிட்டால், உரிமையாளராக இருக்க வேண்டியவர் அதே நிலத்தில் எழும் ஓட்டலில் கூலிக்குப் பாத்திரம் துலக்குபவராக ஆவார். ஆகவே, இச்சட்டங்கள் நடைமுறையில் ஊர்ப் பெண்ணின் கையை எட்டச் செய்வது இன்றியமையாதது.

செய்ய வேண்டுவன

மானியம் அளிப்பதோடு அரசின் கடமை முடிந்துவிடாது. ஒவ்வோர் ஊரின் ஊற்று எத்தனை விருந்தினரைத் தாங்கும் என்று கோடைக் காலத்தில் அளந்து, அதற்கேற்ப அறைகளின் எண்ணிக்கையை ஊராட்சியும் வனப் பஞ்சாயத்தும் வரையறுக்கலாம். கடன் தவணைகளைப் பருவத்திற்கேற்ப அமைத்தால், மழைக்கால மாதங்களில் குடும்பங்கள் வட்டிக்கடைக்குச் செல்லும் நிலை நீங்கும். கணக்கெழுதுதல், முதலுதவி, வழிகாட்டுதல், சுகாதாரம் ஆகியவற்றில் பயிற்சி, மாவட்டத் தலைநகரில் அன்றி ஊரிலேயே நடைபெற வேண்டும். மருத்துவ நிலையமும் நல்ல பள்ளியும் இல்லாத ஊரில் எத்தனை விடுதிகள் இருப்பினும் இளங்குடும்பங்கள் தங்கமாட்டா என்பதையும் மறத்தலாகாது.

சிறு விடுதி மலையின் எல்லாத் துன்பங்களுக்கும் மருந்தாகாது. வயலுக்கும் தொழுவத்திற்கும் காட்டிற்கும் இணையாக நிற்கும் நான்காவது கால் என்ற அளவிலேயே அது வலிமை தருவது. விருந்தினர் விடைபெற்றுச் சென்றபின், இல்லத்தரசி ரஜாயை மடித்து வைத்துவிட்டு அரிவாளுடன் புல்வெளிக்குச் செல்கிறார். அவருடைய மகளோ மகனோ வெளியூர் ஓட்டலுக்குச் செல்லாமல், விருப்பத்துடன் இவ்வீட்டின் கதவைத் திறந்து வைத்திருக்கும் நாள் வருமாயின், இம்முயற்சி பயனளித்தது என்று கொள்ளலாம்.